அறுத்த எலும்பு

உங்கள் நெஞ்சின் நடுவே ஒரு விரலை வைத்துப் பாருங்கள், கண்ணுகளா. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, தட்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதை நெடுக அறுத்துத் திறந்துதான் எங்கள் தெருத் தச்சருக்கு இதய ஆபரேஷன் செய்தார்கள். முடிந்ததும் இரண்டு பாதியையும் சேர்த்து எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள்.

இதயம் ஜோராக ஓடியது. மனிதர்தான் அசையவில்லை. அரை வருஷம் கழிந்தும் நாற்காலியில் நிமிர்ந்தபடியே தூங்கினார். தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்வார். கையைத் தோளுக்கு மேல் தூக்குவதே இல்லை.

"கூடிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார்ல? இன்னும் என்னங்க?" என்றாள் மனைவி.

"எத்தனை பலகை அறுத்திருக்கேன். ஒண்ணாவது தானா ஒட்டிப் பாத்திருக்கியா? கம்பிதான் புடிச்சு வச்சிருக்கு. அது விட்டா நான் ரெண்டு."

"ரெண்டானா ஒண்ணு வீட்டுல இருக்கட்டும், இன்னொண்ணு பட்டறைக்குப் போகட்டும்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்தாலும் நெஞ்சு குலுங்குமே.

ஆனால் தோள்கள் இறுகிக்கொண்டே வந்தன. சட்டையை மனைவிதான் மாட்டிவிட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருநாள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: "இப்படியே விட்டா கை மேல வரவே வராது ஐயா. அப்புறம் இழைப்புளி புடிச்சு மரம் இழைக்கிறதை மறந்துட வேண்டியதுதான்."

பிறகு, புதிதாக எடுத்திருந்த ஸ்கேனைப் பழைய படத்தின் பக்கத்தில் கணினித் திரையில் போட்டாள்.

தச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பழைய படத்தில் எலும்பின் நடுவே கறுப்பாக ஒரு கோடு. புதியதில் கம்பி வளையங்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

"கோடு எங்கம்மா?"

"இல்லை ஐயா."

"இணைப்பு எங்கயாவது தெரியணுமே. அந்தப் பக்கமாத் திருப்பு."

திருப்பினாள். விரல்நகத்தால் மேலிருந்து கீழாகத் தேடினார்.

"திரையைச் சுரண்டாதீங்க ஐயா, ஆஸ்பத்திரி சொத்து."

"யாரு ஒட்டினது?"

"யாரும் ஒட்டலை. அதுவே வளர்ந்து மூடிக்கிச்சு. உங்க பலகை செத்த மரம் ஐயா. இது உயிரோட இருக்கு. இதுக்குள்ளதான் ரத்தமே ஊறுது."

தச்சர் கண்ணாடியைக் கழற்றினார். நிற்கிற மரத்தில் வெட்டுப்பட்ட இடத்தைப் பட்டை உருண்டு வந்து மூடுவதை அவர் பார்க்காதவரா? தன் நெஞ்சுக்குள் இருப்பதும் அந்த ஜாதி என்று ஏனோ தோன்றவே இல்லை.

"அப்ப இந்தக் கம்பி?"

"வேலை முடிஞ்சிடுச்சு. சும்மா இருக்கு."

"நான் இங்க உக்காந்து பயந்துக்கிட்டிருந்தப்ப உள்ள வேலை நடந்திருக்கு," என்றார் மெல்ல. பிறகு, கூட வந்திருந்த மனைவியைப் பார்த்து, "இந்தா, இங்க கை வை. பிரியுதான்னு பாத்துச் சொல்லு."

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அந்த இடத்தைத் தொட்டதே இல்லை. தழும்பின் மேல் உள்ளங்கையைப் பதித்தாள். அவர் வலது கையை உயர்த்தினார். தோள் வலித்தது, பல்லைக் கடித்தார். கை காதைத் தாண்டியது.

அவள் உள்ளங்கைக்குக் கீழே அந்த எலும்பு மூச்சோடு எழுந்தது, அடங்கியது. எங்கும் பிரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க," என்றாள் மனைவி, கையை எடுக்காமலே.