புது லைனின் கைத்தடம்

உற்பத்தியை இரட்டிப்பாக்க முதலாளி போட்ட புது லைனில் இன்னும் ஆள் போடவில்லை. இயந்திரங்களே சோலார் பேனல்களைச் செய்து தள்ளின. அவற்றில் மின்சாரம் பாய்ச்சி, ஒளிரவிட்டு, விரிசல் பார்ப்பது, ஆலையில் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிடுபவளின் வேலை.

அன்று ஒளிரவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு பேனலிலும் ஒரு வலது கை பதிந்திருந்தது. துடைத்தாள், தடம் கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. சுண்டுவிரல் கோணல், பிறவியிலேயே அவளுக்கு இருப்பதுபோல. கட்டைவிரலை மட்டும் காணோம்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?” என்று சிரித்துக்கொண்டே வந்தார் சூப்பர்வைசர். “நல்ல சேதி! திங்கக்கிழமைலேர்ந்து நீங்க புது லைன். கண்ணாடி அமுக்குற மிஷின்ல மொத ஆளே நீங்கதான்.”

அக்கா மேசைக்கடியில் தன் வலது கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் இருந்தது.