மல்லாந்து விழுங்கிய தண்ணீர்

படுத்தால் என் மனைவிக்கு அமிலம் தொண்டைவரை ஏறிவிடும். இருமி இருமி எழுந்து உட்காருவாள். அதனால் கட்டிலை எனக்கு விட்டுவிட்டு நாற்காலியில் தூங்குகிறாள். ஆபரேஷன் செய்தால் படுக்கலாம். ஆனால் உணவுக்குழாய்க்குத் தள்ளும் பலம் இருக்கிறதா என்று பார்க்காமல் டாக்டர் கத்தியைத் தொட மாட்டாராம். அந்தச் சோதனையைப் படுத்துக்கொண்டுதான் செய்ய வேண்டுமாம். இரண்டு தடவை பாதியில் எழுந்துவிட்டாள். இரண்டு தடவையும் நான் பக்கத்தில்தான் நின்றேன். இன்று மூன்றாவது தடவை; இதுவும் போனால் ஆபரேஷன் பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாராவது படுத்துக்கிட்டு சாப்பிடுவாங்களாம்மா? உக்கார வெச்சே பாருங்களேன்!"

சோதனை செய்யும் பெண், என் மனைவியின் மூக்கு வழியாக இறக்கிய மெல்லிய குழாயைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். "உக்காந்தா தண்ணி தானா இறங்கிடும் சார். உணவுக்குழாய் தள்ளுதா, சும்மா இருக்கான்னு எப்படித் தெரியும்? படுத்தாதான் அதோட சொந்த பலம் தெரியும்."

அவள் சொன்னது நியாயம்தான். அது இன்னும் எரிச்சல்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும்போது பிரேக்கை மிதித்தே பிழைப்பவன். மனைவி மல்லாந்து படுத்ததும் என் கால் தானாகத் தரையை அழுத்தியது. முதல் வாய் தண்ணீர் போனது. அவள் முகம் சுருங்கியது.

"ஐயோ, எரியுதா? முடியலன்னா எழுந்துக்கோ!"

அவள் எழவில்லை. கதவைக் கைகாட்டி, கம்மிய குரலில் சொன்னாள்: "முதல்ல நீங்க வெளிய போங்க."

"நானா?"

"ஆமா, நீங்கதான்."

வெளியே நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். உள்ளே இருமல் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று கதவுப்பிடியைப் பிடித்துவிட்டேன். எப்படித் திறக்காமல் இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கதவை அந்தப் பெண்தான் திறந்தாள். "குடுத்த தண்ணி பூரா படுத்தே முழுங்கிட்டாங்க சார். பலம் நல்லா இருக்கு. டாக்டரும் பாத்துட்டு, ஆபரேஷன் பண்ணலாம்னுட்டார்."

உள்ளே ஓடினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியிடம், "இன்னைக்கு எரியலையா?" என்றேன்.

"நல்லா எரிஞ்சுது. இருமலும் வந்துது. ஆனா பதறுறதுக்கு அங்க யாரும் இல்ல. அதான் பேசாம படுத்திருந்தேன்."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வீட்டில் அவள் ஒரு தடவை இருமினாலே விளக்கைப் போட்டு, தண்ணீரோடு ஓடி, ஊரையே கூட்டுகிறவன் நான்.

"அப்போ ஆபரேஷன் அன்னைக்கு நான் வரட்டுமா, வேண்டாமா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வாங்க. கதவுக்கு வெளியவே இருங்க. ஆனா எங்கயும் போயிடாதீங்க."