பூதக்கண்ணாடிக்குத் தப்பிய பாடை

சிங்காரவேலு ஐயாவுக்குப் பழைய ஊர்ப்படம் என்றால் உயிர். கோட்டை, கோயில், ஆறு, யானை, ஆள் என்று வெள்ளைக்காரன் பொடிப்பொடியாக வரைந்து அச்சடித்த நகரப்படங்கள். தரங்கம்பாடி மட்டுமே அவரிடம் ஏழு இருக்கிறது. வீட்டுக்கு வந்தவருக்குக் காபி வருகிறதோ இல்லையோ, பூதக்கண்ணாடி வந்துவிடும்.

எங்கள் தெருவுக்கு அவரோடு வேறு விவகாரம். சுடுகாட்டுக்குப் போகும் பாதையை அவருடைய அப்பா வயலோடு சேர்த்து உழுதுவிட்டார். அன்றிலிருந்து பிணத்தை நட்ட வயலில் இறங்கித்தான் தூக்கிப் போகிறோம். போன ஐப்பசியில் என் பெரியப்பா வீரையனைத் தூக்கிப் போனபோது முன்னால் தூக்கிப் போனவருக்குக் கால் வழுக்க, பெரியப்பா பாடையோடு சாய்ந்தார். சேற்றிலிருந்து எடுத்து அவர் முகத்தை நான்தான் கழுவினேன். அந்த ஆத்திரத்தில் தாசில்தாரிடம் மனு கொடுத்தேன். நான் அறிவுமதி, வக்கீல்.

“அங்க பாதைன்னு ஒண்ணு எந்தக் காலத்துலயும் கிடையாதும்மா” என்றார் ஐயா. எங்கள் பெரியவர்களின் சாட்சியைத் தாசில்தார் வெறும் வாய்ப்பேச்சு என்று ஒதுக்கினார்.

அந்த நேரம் பார்த்து ஐயாவுக்குத் தஞ்சாவூர்ப் படம் ஒன்று கிடைத்தது. சும்மா இருப்பாரா? ஃபேஸ்புக்கில் வீடியோ போட்டார். “இதோ வடவாறு. இது எங்க ஊரு மதகு. மதகை ஒட்டி எங்க வயலு. கண்ணால பாக்காத ஒண்ணையும் இந்தாளு வரையல.” பெரியகோயில் யானையின் கால்நகத்தைக்கூட எண்ணிக் காட்டினார். அதே மதகை ஒட்டிய பாதையில் நாலு பேர் பாடை தூக்கிப் போவது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. எங்கள் ஆட்கள் அவர் கண்ணில் படுவது எப்போதுமே கொஞ்சம் சிரமம்தான்.

வீடியோவைத் தாசில்தாரிடம் காட்டினேன். ஐயாவுக்கு அப்போதுதான் பாடை தெரிந்தது. படம் போலி என்றால் வயல் தப்பும். ஆனால் அதைத் தன் வாயால் சொல்ல மனசு வரவில்லை. தரங்கம்பாடியில் இருக்கும், இதே படப் பைத்தியம் பிடித்த மதிவாணனை, போலி என்று சொல்வதற்காகவே விசாரணைக்கு அழைத்து வந்தார்.

ஐயாவிடம் இருக்கும் படத்தைப் போலி என்று சொல்லத்தான் மதிவாணன் பல வருடமாகக் காத்திருந்தார் போல. “சுத்தப் போலிங்க. நான் வீடியோ பாத்த மொத நாளே கண்டுபிடிச்சிட்டேன். எவனோ டீத்தண்ணில ஊறவச்சுத் தள்ளிவிட்டிருக்கான். பாவம், சிங்காரவேலுவுக்குக் காகிதமே பாக்கத் தெரியாது.”

ஐயாவின் காது சிவந்தது. “டீத்தண்ணியா?” என்று எழுந்தார். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே தெரிந்த காகித ஆலையின் முத்திரையைக் காட்டினார். அச்சடிக்கும்போது செப்புத்தகடு அழுந்திய விளிம்பைத் தாசில்தாரையே தடவிப் பார்க்கச் சொன்னார். “இதுவா போலி? எங்கப்பா மேல சத்தியமா அசலுங்க!”

“அப்ப இந்தப் பாதை?” என்றார் தாசில்தார்.

“எல்லாமே அசல்!”

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் பாதையை அளந்து கல் நட்டார்கள்.

ஜெயித்ததில் சந்தோஷம்தான். வயிற்றெரிச்சலும் இருக்கிறது. தோளில் பிணத்தோடு நின்று நாங்கள் சொன்னதை நம்பாதவர்கள், எவனோ வெள்ளைக்காரன் எறும்பளவு வரைந்ததை நம்பினார்கள்.

உத்தரவு வந்த மறுநாள் ஐயா என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மேல்முறையீடு செய்வேன் என்று மிரட்ட வருகிறார் என்று நினைத்தேன்.

“வக்கீலம்மா, படம் அசல்னு உத்தரவுல தெளிவா போட்டிருக்காங்களா?”

“போட்டிருக்காங்க ஐயா.”

“ஒரு காப்பி குடுங்க. மதிவாணனுக்கு அனுப்பணும்.”