பீப்பாவின் மூக்கு மடிப்பு

பீப்பா கிங்ஸ்டன் வீட்டு நாய்தான். ஆனால் பகல் ஒன்றரை ஆகிவிட்டால் போதும், கொல்லைக் கதவருகே போய் உட்கார்ந்துகொள்ளும். ஜெனோவின் வண்டிச் சத்தம் கேட்கும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்பாது.

ஜெனோ, கிங்ஸ்டனின் மனைவி ரீனாவுக்குத் தம்பி. பின்வீட்டுக்காரன். திரேஸ்புரத்திலிருந்து படகில் போய், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவன். விடியுமுன் படகு ஏறி, மதியம் உப்புப் பூத்த உடம்போடு வருவான். குளிக்கக்கூட மாட்டான். வாசலிலேயே உட்கார்ந்து நாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வான். பீப்பா மல்லாந்துவிடும். நாலு காலும் வானத்தைப் பார்க்கும்.

ரீனா போய் ஐந்து மாதம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் ஒன்பதாம் நாள் முடிந்துபோனாள். அடக்கம் முடிந்த எட்டாம் நாளே கிங்ஸ்டன் ஏற்றுமதிக் காகிதம் தயாரிக்கும் தன் ஆபீசுக்குத் திரும்பிவிட்டான். அழவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவனுக்கே அது ஆச்சரியம்தான். உள்ளே ஒன்றும் அசையவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, ஜெனோவின் மடியில் பீப்பா மல்லாந்து கிடப்பதைப் பார்க்கும்போது மட்டும் பொறுக்காமல் ஜன்னலைச் சாத்திக்கொள்வான்.

புல்டாக் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவள் ரீனா. பீப்பாய் மாதிரி இருக்கிறது என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அவள் இருந்தவரை யாரும் யாரோடும் போட்டி போடவில்லை. நாய் அவளுடையது, அவ்வளவுதான். இப்போது அது யாருடையது என்ற கேள்வி வந்துவிட்டது. நாய் தன் பதிலைத் தினமும் ஒன்றரை மணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

தை மாதம் பீப்பாவின் குறட்டை மாறியது. அதைக் கண்டுபிடித்ததும் ஜெனோதான்.

"அத்தான், இது தூங்கும்போது எண்ணிப் பாத்தியளா? போன வாரம் நிமிசத்துக்கு இருபத்தாறு மூச்சு. இப்ப முப்பத்தெட்டு."

"எதுக்குலே எண்ணுத?"

"கடல்ல முங்குதவன் மூச்ச எண்ணாம யாரு எண்ணுவா?"

கிங்ஸ்டன் நாயின் விலாவைப் பார்த்தான். ஒரே வீட்டில் கூடவே படுத்துக்கிடப்பவன் அவன். அவனுக்குக் கேட்காதது இவனுக்குக் கேட்டிருக்கிறது.

கால்நடை டாக்டர் செந்தில்முருகன் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். நாயின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்கை விரலால் ஒதுக்கினார்.

"துவாரம் ரெண்டும் நூல் போற அளவுதான் இருக்கு. உள்ள அண்ணம் நீண்டு தொண்டைய அடைக்கி. போன கோடைய இது தாண்டுனதே பெருசு. சித்திரை பிறக்கதுக்குள்ள திருநெல்வேலில ஆபரேஷன் பண்ணிரணும். இன்னொரு அக்னி நட்சத்திரம் தாங்காது, ஆமா."

"பண்ணிருவோம் சார்" என்றான் கிங்ஸ்டன்.

"பண்ணலாம். ஆனா இதப் பாருங்க." மூக்குக்கு மேலே தொங்கிய தோல் மடிப்பைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சிவந்து, ஈரமாக, நாற்றமடித்தது. "இந்த ஜாதிக்கு மடிப்புதான் வம்பு. ஈரம் நின்னா புண்ணு. புண்ணு இருக்கும்போது பக்கத்துல மூக்குல கத்தி வைக்க மாட்டாங்க. காலைலயும் சாயங்காலமும் மருந்து தொட்டுத் துடைச்சு, காஞ்ச துணியால ஒத்தி எடுக்கணும். ஒரு சொட்டு ஈரம் நிக்கப்பிடாது. கழுத்துல பட்டை வேண்டாம், நெஞ்சுல மாட்டுத வாரு போடுங்க. காலைல ஆறு மணிக்கு மேல வெளிய நடத்தாதிய. மூணு கிலோ குறையணும்."

கிங்ஸ்டன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். செய்ததெல்லாம் ஜெனோ. கிளம்புமுன் இருட்டோடு ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. கடலில் ஊறிப்போன அந்தத் தடித்த விரல்கள் மடிப்புக்குள் பஞ்சை விட்டு எடுக்கிற லாவகத்தைக் கிங்ஸ்டன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். நாய் கண்ணை மூடிச் சொக்கிக் கிடந்தது.

தனக்கென்று ஏதாவது வேண்டும் என்று தோன்றியது அன்றுதான்.

அலமாரியில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய். ரீனா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் நெற்றியில் சிலுவை போட வாங்கியது. முக்கால் குப்பி மீதி. தேங்காயெண்ணெயும் மெழுகுவர்த்தியும் கலந்த வாசம். கரையில் யார் வீட்டில் புண் என்றாலும் முதலில் தேடுவது அந்தக் குப்பியைத்தான். அதைத் தடவுவது மருந்தில் சேராது. அதனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. கிங்ஸ்டனுக்கும் தோன்றவில்லை.

ஜெனோ கடலுக்குப் போனபின், காலை எட்டு மணிக்கு, பீப்பாவை இரு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மடிப்பைத் தூக்கி இரண்டு சொட்டு விட்டான். நாய் தலையை உதறியது. மறுநாள் அவன் குப்பியைத் திறந்ததுமே கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. இழுத்துவைத்து விட்டான். இரண்டு சொட்டு மூன்றாயிற்று.

நாய் முன்னைவிட அதிகமாகக் கொல்லைக் கதவருகே உட்கார ஆரம்பித்தது. இப்போது ஒன்பது மணிக்கே.

மாசியில் மறுபடி போனபோது புண் ஆறியிருக்கவில்லை. பரவியிருந்தது. டாக்டர் புருவத்தை நெரித்தார்.

"சாப்பாட்டுல ஏதாவது ஒத்துக்காம இருக்கலாம். மீனு போடுதியளோ?"

ஜெனோ தலையைச் சொறிந்தான். "எப்பமாவது சாளை ஒண்ணு ரெண்டு டாக்டர். அவிச்சுதான்."

"அத நிப்பாட்டுங்க முதல்ல."

பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த இசக்கித்தாய் சிரித்தாள். அங்கே பத்து வருஷமாக வேலை பார்ப்பவள். "கடக்கரைக்காரன்ட்ட நாய விட்டா அது நாயாவா இருக்கும்? பூனையால்லா ஆயிரும்!"

ஜெனோ தலை கவிழ்ந்து நின்றான். ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. அன்று வீடு திரும்பியதும் கிங்ஸ்டனுக்கு, ரீனா போனபின் முதல்முறையாக, நன்றாகப் பசித்தது.

ஜெனோ மீனை நிறுத்தினான். துடைப்பதை மூன்று வேளையாக்கினான். படகில் கெஞ்சி அரைமணி முன்னதாகவே கரைக்கு வந்தான். கிங்ஸ்டன் எண்ணெயை நிறுத்தவில்லை.

பங்குனி வந்தது. காலை ஏழு மணிக்கே உப்பளப் பக்கமிருந்து அனல் வீசியது. பீப்பா நாலு எட்டு நடந்தால் நாக்கு நீலம் பாரித்தது. ஜெனோ ஈரத்துணியை வயிற்றில் போட்டு, மின்விசிறிக்கு முன்னால் படுக்கவைத்து எண்ணினான். நாற்பத்தாறு.

மூன்றாம் முறை டாக்டர் மடிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு டார்ச்சைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

"சித்திரைக்கு இன்னும் பதினெட்டு நாள். இது இப்படியே கிடந்தா நான் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் அங்கன திருப்பி அனுப்பிருவாங்க."

இசக்கித்தாய் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். எடுத்ததை மூக்கருகே கொண்டுபோனாள்.

"டாக்டர், இது எண்ணெ."

"எண்ணெயா?"

"தேங்காண்ணெ. மெழுகுவத்தி வாடையும் அடிக்கி."

டாக்டர் பஞ்சை வாங்கி மோந்தார். அவர் முகம் சிவந்தது. "யாருவே இதுல எண்ணெய ஊத்துனது? ஈரம் ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன். எண்ணெ விட்டா ஈரம் உள்ளயே அடைஞ்சு கிடக்கும். கிருமிக்குப் பாயி விரிச்சுக் கொடுத்த மாதிரி. மருந்தும் ஒட்டாது. ரெண்டு மாசத்தப் பாழாக்கிட்டிய!" அவர் பார்த்தது ஜெனோவை. நாயைத் தொடுகிறவன் அவன்தானே.

ஜெனோவுக்கு அந்த வாசம் தெரியும். அக்காவின் நெற்றியில் கடைசியாக முத்தமிட்டவன் அவன். அவன் கிங்ஸ்டன் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் டாக்டர். தெரியாமப் போட்டுட்டேன்."

"கூறு இருக்காடே உனக்கு?" என்றாள் இசக்கித்தாய்.

தப்பித்தோம் என்றுதான் கிங்ஸ்டன் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. ஜெனோவை வெறித்துப் பார்த்தான். ஒன்றரை மணியை இவன் எடுத்துக்கொண்டான். மூச்சை எண்ணுவதை எடுத்துக்கொண்டான். இப்போது இதையுமா? பீப்பாவுக்கு என்று அவன் செய்தது இது ஒன்றுதான். தப்பாகவே இருக்கட்டும். அதையும் இவன் தன் பெயரில் வைத்துக்கொள்வதா?

"அவன் இல்ல சார்" என்றான். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. "நான் போட்டேன். தினமும் காலைல. அவனுக்குத் தெரியாது."

டாக்டர் பஞ்சைக் கீழே போட்டார். மேஜை மேல் பீப்பா கரகரவென்று மூச்சு வாங்கியது. கிங்ஸ்டன் அதை நோக்கிக் கையை நீட்டினான். நாய் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உடம்பை விறைத்தது. அடி வாங்கப் போகிறவன் மாதிரி.

டாக்டர் அதைப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "புண்ணுல விரல் பட்டா எரியும்லா தம்பி. அது எரிச்சலுக்குப் பயந்து ஓடுது. வேற ஒண்ணுமில்ல."

கிங்ஸ்டன் தன் விரல்களை மோந்து பார்த்தான்.

வெளியே வந்ததும் ஜெனோ வண்டியைத் திருப்பியபடி கேட்டான். "என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அத்தான்? ஒரு பக்கம் நீங்க ஊத்த, ஒரு பக்கம் நான் துடைக்க. நல்ல குடும்பம்!"

"சொன்னா நீ நிப்பாட்டியிருப்ப."

"ஆமா. பின்ன?"

"அதான் சொல்லல."

ஜெனோ வண்டியை நிறுத்தினான். "நாளைக்குக் காலைல நீங்க துடைங்க. ஆனா முதல்ல கையக் கழுவணும். சோப்பு போட்டு. ரெண்டு தரம்."

பதினோரு நாள். குப்பி அலமாரிக்குத் திரும்பிப் போயிற்று. காலைத் துடைப்பு கிங்ஸ்டனுடையது. முதல் மூன்று நாள் பீப்பா கட்டிலுக்கடியில் கிடந்தது. நான்காம் நாள் அவன் கையை வெகுநேரம் மோந்தது, அப்புறம் தலையைக் கொடுத்தது. ஒன்றரை மணிக்குக் கொல்லைக் கதவுக்குப் போவதை மட்டும் விடவில்லை. கிங்ஸ்டனும் ஜன்னலைச் சாத்துவதை விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் மடிப்பு காய்ந்து, தோல் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தார். பங்குனி முடிய நாலு நாள் இருக்கையில், வெயில் ஏறுமுன், குளிர்சாதனக் காரில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "முழிக்கப் போகுது. பயந்துச்சுன்னா மூச்சு அடைச்சுக்கிடும். பழகின ஆளு ஒருத்தர் மட்டும் வாங்க."

இருவரும் எழுந்தார்கள். ஜெனோ உடனே உட்கார்ந்துவிட்டான். "நீங்க போங்க அத்தான்."

கிங்ஸ்டனின் கால் ஒரு எட்டு முன்னால் போயிற்று. அங்கேயே நின்றது.

"நீ போ" என்றான். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "உன் மடிலதான் அது மல்லாந்து கிடக்கும்."

ஜெனோ உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. கிங்ஸ்டன் கதவில் காதை வைத்துக் கேட்டான். மூன்று வருஷமாக வீட்டை நிறைத்த அந்தக் கரகரப்பு வரவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

கதவு திறந்தது. ஜெனோவின் கண் கலங்கியிருந்தது. சிரிப்பும் இருந்தது.

"இருபத்திரண்டு அத்தான். எண்ணிட்டேன். மூச்சு வருது, சத்தந்தான் இல்ல. முழிச்சிட்டுது, நீங்களும் வரலாம்ங்காவ."

கிங்ஸ்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கை நனைந்திருந்தது. வாசல் ஓரத்துக் குழாயில் சோப்பு இருந்தது. ஒருமுறை கழுவினான். மறுபடியும் சோப்பை எடுத்தான்.