பாக்யலட்சுமி இளைத்த கதை

தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க அக்காவின் ரத்தம் பொருந்துகிறது என்று திருச்சி டாக்டர் சொன்னதும், பாக்யலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டாள்.

"உட்காருங்கம்மா, நான் இன்னும் முடிக்கல" என்றார் டாக்டர். "எல்லாம் பொருந்துது. ஆனா இந்த எடையில உங்களுக்கு ஆபரேஷன் பண்ண முடியாது. சர்க்கரையும் வரலாமா வேணாமான்னு வாசல்ல நிக்குது. உங்க தம்பியக் காப்பாத்தப் போயி உங்கள நோயாளி ஆக்க மாட்டோம்."

அவள் தொண்ணூற்று நாலு கிலோ இருந்தாள். குள்ளமான உடம்பு வேறு.

"எவ்வளவு குறைக்கணும் சார்?"

"இருபது கிலோவாவது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமுருகன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தாறு வயது அவனுக்கு. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை கட்டும் பிரிவில் வேலை பார்த்தவன். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று தடவை அரியலூரில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தான். முகம் உப்பி, கால் வீங்கி, பார்த்தால் அக்காவை விட வயதானவன் போல இருந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் சொன்னான். "விடுக்கா. பதிவு பண்ணி வச்சிருக்கோம்ல, யாரோடதாவது கெடைக்கும். நீ போட்டு அலட்டிக்காத."

"நான் அலட்டிக்கிறேன், உனக்கென்ன?" என்றாள் பாக்யலட்சுமி. அம்மா செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவனிடம் அனுமதி கேட்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பாடாலூரில் ஹைவே ஓரம் அவளும் புருஷன் ராசாங்கமும் டிபன் கடை வைத்திருந்தார்கள். சிமெண்ட் லாரிக்காரர்கள்தான் முக்கால்வாசி வாடிக்கை. விடியும்முன் அடுப்பு மூட்டினால் ராத்திரி வரை எரியும். அவள் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. எண்ணெயில் இருந்து எடுத்த வடையில் ஒன்று, குருமாவில் உப்புப் பார்க்க ஒரு கரண்டி, மிஞ்சிப்போன பரோட்டாவை வீணாக்காமல் பிய்த்துப் போட்டு ஒரு வாய். நாள் முழுக்க வாய் அசைந்துகொண்டே இருக்கும். கேட்டால், "நான் எங்கங்க சாப்புடுறேன், நேரமே இல்ல" என்பாள். அதை மனசாரச் சொல்வாள்.

மறுநாளே பட்டினி கிடக்க ஆரம்பித்தாள். காலையில் கொள்ளுக் கஞ்சி ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், அதோடு சரி. மூன்றாவது வாரம் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவளுக்குக் கண் இருண்டது. விழும்போது கையைக் கல்லில் ஊன்றிவிட்டாள். முழங்கைக்குக் கீழே தோல் வெந்துபோனது.

கட்டுப் போட்ட கையோடு போய் நின்றவளை திருச்சி ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் வினோதினி ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயசுக்காரி, பேச்சு கறார்.

"யாரும்மா உங்களப் பட்டினி கிடக்கச் சொன்னது? ரத்தம் குறைஞ்சிருக்கு பாருங்க. இப்படி வந்தாலும் ஆபரேஷன் கிடையாது. எங்களுக்கு இளைச்ச உடம்பு மட்டும் போதாது, தெம்பா இருக்கிற உடம்பு வேணும்."

"அப்ப சாப்புடலாமா?"

"நல்லா சாப்பிடணும். ஆனா உட்கார்ந்து, தட்டுல போட்டு. நின்னுகிட்டு எதுவும் வாய்ல போகக் கூடாது. காலையில முட்டையும் சுண்டலும். மத்தியானம் தட்டுல பாதி காய், கால்வாசி வரகரிசிச் சோறு, மிச்சத்துல பருப்போ மீனோ. ராத்திரி சீக்கிரம் முடிச்சிருங்க. தினம் வேகமா நடங்க."

அன்றிலிருந்து கடையில் உப்புப் பார்க்கும் வேலை ராசாங்கத்துக்கு வந்தது. அவர் நாக்குக்கு ருசியே தெரியாது. முதல் வாரம் குருமா ஒரு நாள் கடல் தண்ணி, ஒரு நாள் வெறும் தண்ணி. லாரிக்காரர்கள் கத்தினார்கள். "அண்ணே, அக்காவ உப்புப் பார்க்கச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்!"

"அவ பாக்க மாட்டாய்யா. தம்பிக்குக் கிட்னி தரப் போறா" என்றார் ராசாங்கம். அதற்குப் பிறகு யாரும் குருமாவைப் பற்றிப் பேசவில்லை. உப்பு டப்பாவை அவர்களே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஏரிக்கரையில் மதகு வரைக்கும்கூடப் போக முடியவில்லை. முட்டி விண்ணென்று தெறித்தது, தொடை உரசிப் புண்ணானது. சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு ஒருத்தி கையை வீசி நடப்பதை வெங்காய வயலுக்குப் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "எங்க பாக்யம், பஸ்ஸ விட்டுட்டியா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு நடந்தாள். கொஞ்ச நாளில் மதகைத் தாண்டினாள். பிறகு கரை முழுக்க. பிறகு ஊர் ஓரத்துச் சின்ன மலைக்கோயில் படியேறப் பழகினாள். ஜாக்கெட்டை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. எண்பத்திரண்டு கிலோவுக்கு வந்துவிட்டாள்.

அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகியும் எடை மெஷின் முள் அசையவில்லை. அதே நேரத்தில்தான் திருமுருகனுக்கு நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, டயாலிசிஸுக்குப் போகிற வழியிலேயே ஆம்புலன்ஸில் ஏற்றும்படி ஆனது. பாக்யலட்சுமி ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது தம்பி பெண்டாட்டி புவனேஸ்வரி வராண்டாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, இவரு டயாலிசிஸே வேணாங்கிறாரு. எல்லாருக்கும் பாரமா இருக்கேன்னு பேசுறாரு" என்று சொல்லி அழுதாள்.

பாக்யலட்சுமி உள்ளே போனாள். ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த திருமுருகன் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

"போதும்க்கா. நீ வெந்து, விழுந்து, பட்டினி கிடந்து... உன்னையும் சாகடிச்சிட்டுப் போகணுமா நான்?"

"டேய், இங்க திரும்பு."

அவன் திரும்பவில்லை. அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போய் நின்றாள்.

"நல்லாப் பாரு என்னை. சாகப் போறவ மாதிரியா இருக்கேன்? மலையேறுறேன்டா நானு. போன வருஷம் கடை மாடிப்படி ஏற முடியாது எனக்கு. முட்டி வலி போச்சு, சர்க்கரை இறங்கிருச்சு. ராத்திரி நல்லாத் தூங்குறேன். உனக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி நான் வாங்கிக்கிட்டதே நெறைய. நீ பண்ண வேண்டியது ஒன்னுதான். நான் வர்ற வரைக்கும் உயிரோட இருக்கணும். அது முடியுமா முடியாதா, சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். கன்ன எலும்பு தெரிந்தது. கழுத்து தெரிந்தது. அவன் பள்ளிக்கூடம் போகையில் கூடவே ஓடி வருவாளே, அந்த அக்காவின் ஜாடை திரும்ப வந்திருந்தது.

"முடியும்" என்றான்.

அடுத்த நாள் வினோதினி முன்னால் அவளும் ராசாங்கமும் உட்கார்ந்தார்கள். என்ன சாப்பிடுகிறாள் என்று வினோதினி மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"குடிக்கிறது?"

"தண்ணிதான். மோரு. அப்புறம் டீ."

"எத்தனை டீ?"

"அது கணக்கு இல்லங்க. வர்றவங்களுக்குப் போடுறப்ப நானும் ஒரு வாய்..."

"எட்டு ஒம்பது இருக்கும்" என்றார் ராசாங்கம். "சக்கரை நெறையப் போட்டாத்தான் இவளுக்கு இறங்கும்."

வினோதினி பேனாவை மேஜையில் வைத்தாள். "ஏன்மா, இத ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க சாப்பாடு என்னன்னுதானேங்க கேட்டீங்க? டீ சாப்பாடா?"

வினோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்க்கரையில்லாமல் நாளைக்கு இரண்டு டீ, அதற்கு மேல் கிடையாது என்றாள். நடையோடு தசைக்கும் வேலை கொடுக்கச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் கேனைத் தூக்கி இறக்குவது என்று செய்து காட்டினாள்.

பட்டினியை விட டீயை விட்டது கொடுமையாக இருந்தது. தலை இடித்தது. பாய்லர் பக்கம் போனாலே ஏலக்காய் வாசனை ஆளை இழுத்தது. ஒரு நாள் சாயங்காலம் டம்ளரை வாய்வரை கொண்டுபோனவள், அப்படியே எதிரில் இருந்த டிரைவரிடம் நீட்டிவிட்டு, மதகு வரை வேகமாக நடந்துவிட்டுத் திரும்பினாள். வந்து பார்த்தால் டீ வேண்டும் என்ற நினைப்பே போயிருந்தது. அப்புறம் அதையே வழக்கமாக்கிக்கொண்டாள்.

முள் அசைந்தது. மெதுவாகத்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் கீழேதான். சிரித்த பெண்களில் இரண்டு பேர் இப்போது அவளோடு கரையில் நடந்தார்கள்.

ஆடி கழிந்து ஆவணியில் மறுபடி திருச்சியில் மெஷின் மேல் ஏறும்போது, பாக்யலட்சுமி செருப்பைக் கழற்றினாள், கைப்பையைக் கொடுத்தாள், வளையலையும் உருவினாள். "தோடு இருக்கட்டும், அது கிலோ கணக்குல வராது" என்றார் ராசாங்கம்.

எழுபத்து மூன்று.

டாக்டர் எண்ணைப் பார்த்தார், சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்தார், ரத்த அளவைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கை கொடுத்தார். "எடை குறைக்கிறேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போன நெறையப் பேரு திரும்பி வரல. நீங்க வந்துட்டீங்க."

மிச்சப் பரிசோதனைகளும் அரசாங்கக் கையெழுத்துகளும் முடிந்து, ஐப்பசி மழையில் ஆபரேஷன் நடந்தது.

மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, "அவனுக்கு ஒன்னுக்கு வருதா?"

ராசாங்கத்தின் கண்ணெல்லாம் ஈரம். "வருதாவா? மேஜைமேல வச்சுத் தைக்கிறப்பவே பீறிட்டு அடிச்சிருக்கு. நர்ஸம்மா பையை மாத்தி மாத்தி அலுத்துப்போச்சாம்."

பாக்யலட்சுமி சிரித்தாள். வயிறு சுருக்கென்று இழுத்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே மறுபடி சிரித்தாள்.

மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். நர்ஸ் கை கொடுக்க வந்தபோது, "பரவால்ல கண்ணு, நடக்குறதுதான் எனக்கு வேலையே" என்று சொல்லி, சுவரைப் பிடித்தபடி வராண்டாவின் கடைசி அறை வரைக்கும் போனாள். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றாள். திருமுருகன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முக வீக்கம் வடிந்து, உதட்டில் ரத்த ஓட்டம் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது யாரென்று புரிந்ததும் அவன் கீழே கையை நீட்டி, கட்டிலோரம் நிரம்பித் தொங்கிய பையை அவளுக்குத் தெரியும்படி விரல் நீட்டிச் சுட்டிக்காட்டினான், பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைக் காட்டுகிறவன் மாதிரி.

பாக்யலட்சுமி ஒரு கையால் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியைத் தட்டினாள். "அப்படித்தான்டா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அந்த வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.