பின்னால் வந்த மஞ்சள் தொப்பி

வீட்டுக்காரர் டீ போட்டு, படுக்கை வரைக்கும் கொண்டுவந்து நீட்டியபோதுதான் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட அவர் கேட்டதில்லை.

"என்ன விஷயம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நாளன்னைக்குப் போட்டி இருக்கே. தெம்பா இருக்கணும்ல."

'போட்டி' என்ற சொல் அவர் வாயில் வந்ததே அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் அது 'உன் கூத்து'தான். ஏரியில் நீந்தி, கரையேறிச் சைக்கிள் மிதித்து, அதை நிறுத்திவிட்டு ஓடியும் முடிக்க வேண்டிய டிரையத்லானில் சேரப்போவதாக அவள் சொன்ன அன்றைக்கு ஆரம்பித்த முணுமுணுப்பு, மாதக்கணக்கில் ஓயவில்லை. அவளும் ஆசைப்பட்டு இறங்கியவள் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்க்கிற வேலை. நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்து நின்றதில் முதுகு பிடித்துக்கொண்டது. நீந்தச் சொன்னார் டாக்டர். முதுகுவலி போய்விட்டது, நீச்சல் போகவில்லை. அது சைக்கிளையும் கூட்டிவந்தது, சைக்கிள் போய் ஓட்டத்தைக் கூட்டிவந்தது.

அன்று சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து அவளுடைய சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார், சங்கிலியைத் துடைத்தார். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற மனுஷன். எங்கே கசிகிறது என்று சத்தம் போடாமல் தடவித் தடவியே கண்டுபிடிக்கிற ஆள். அவர் வாய் திறந்து திட்டினால் அவளுக்குக் கவலையில்லை. வாயை மூடிக்கொண்டு உதவி செய்தால்தான் உஷாராக வேண்டும்.

காரணம் இருந்தது. சில வருஷத்துக்கு முன் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோதும் இப்படித்தான் சமர்த்தாக இருந்தார். மெயின் ரோட்டுப் பக்கமே கூட்டிப் போக வேண்டாம் என்று சொல்லிக்கொடுப்பவரிடம் ரகசியமாகச் சொல்லிவைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆளில்லாத தெருவையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, தான் ஏதோ சாதித்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

போட்டியன்று விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரைக்குப் போனார்கள். முதல் தடவை வருகிறவர்களுக்கு மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். அவள் கையில் நம்பர் எழுதிக்கொண்டு திரும்பியபோது, சைக்கிள்கள் தொங்கிய கம்பிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். வாட்டசாட்டமான உடம்பு, அடர்த்தியான மீசை, தலையில் மஞ்சள் தொப்பி. வீட்டுக்காரர் அவள் இருந்த பக்கம் கையைக் காட்டினார். மீசைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துத் தலையாட்டினார்.

அவள் கிட்டே போவதற்குள் அந்த ஆள் நகர்ந்துவிட்டார்.

"யாரு அது?"

"யாரோ. சும்மா பேசிட்டிருந்தோம்."

அந்தச் 'சும்மா' கொஞ்சம் வேகமாக வந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

விசில் ஊதினதும் தண்ணீரில் இறங்கினாள். நீச்சல் குளத்தில் அடியில் கறுப்புக் கோடு தெரியும். இங்கே கையை நீட்டினால் கையே தெரியவில்லை, கலங்கிய பச்சை. யாரோ காலால் விலாவில் உதைத்தார்கள். கூட்டம் கலைந்து முன்னால் போனதும் நிதானத்துக்கு வந்து, மூச்சுக்காக இடது பக்கம் முகத்தைத் திருப்பினாள். அங்கே மஞ்சள் தொப்பியும் மீசையும். அடுத்த மூச்சுக்கும் அதே. அவள் வேகத்தைக் கூட்டினாள், அவரும் கூட்டினார். வழி காட்டப் போட்டிருந்த முதல் மிதவைக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே நின்று மல்லாந்து மிதந்தாள். அவரும் நின்று, தண்ணீருக்கு மேல் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

சந்தேகமே இல்லை. வீட்டுக்காரர் காவலுக்கு ஆள் வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஏரியைப் பார்த்துப் பயப்பட அவளுக்கு நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நீந்தினாள். கரையேறி, ஈரம் சொட்டச் சொட்ட ஓடிப்போய்ச் சைக்கிளை எடுத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் கை தட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சைக்கிள் பாதையில் மீசைக்காரர் அவளைத் தாண்டிப் போனார். அப்பாடா என்றிருந்தது. இரண்டு மேடு ஏறி இறங்கித் திருப்பத்தில் வந்தால், ஆள் ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். சங்கிலியில் ஏதோ நோண்டுகிற மாதிரி குனிந்திருந்தார். அவள் கடந்ததும் ஏறிப் பின்னாலேயே வந்தார். நடிப்புகூடச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஓட்டத்தில் கால் இரண்டும் மரக்கட்டையாகிவிட்டது. பின்னால் ஒரே சீராகத் தப் தப் என்று சத்தம். தண்ணீர் கொடுக்கிற மேசை தாண்டியதும் சட்டென்று நின்று திரும்பினாள்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. என் வீட்டுக்காரர்தானே உங்கள அனுப்பினாரு?"

மீசைக்காரர் மூச்சு வாங்கினார். "ஆமாம்மா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "என்னைப் பாத்துக்கச் சொன்னாரா? பாதியில நின்னுட்டா தூக்கிட்டு வரச் சொன்னாரா?"

"நானா? உங்களயா?" அவர் முகத்தைத் துடைத்தார். கையிலிருந்த சங்கிலிக் கரி கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. "எனக்கே தண்ணின்னா கை கால் உதறும்மா. காலையில திரும்பிப் போயிடலாம்னுதான் சைக்கிள எடுக்க வந்தேன். அவர்தான் பிடிச்சு நிறுத்தினாரு. அந்தா நிக்கிறா பாருங்க என் வீட்டுக்காரி, அவ பின்னாடியே போங்க, அவ கோணாம நேரா போவா, பாதியில விட மாட்டா, கரை சேத்துருவான்னு சொன்னாரு. நீங்க நடுவுல நின்னு மிதந்தீங்க பாருங்க, அப்ப எனக்கு உசுரே போயிடுச்சு."

இவ்வளவு நேரம் கழுத்து வரைக்கும் வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கிவைப்பது?

"சரி, வாங்க," என்றாள் கடைசியில். "நின்னா கால் பிடிச்சுக்கும்."

கொஞ்ச தூரம் சேர்ந்து ஓடினார்கள். ஒரு மேட்டில் அவர், "முட்டி வலிக்குது, நீங்க போங்கம்மா, தரையில எனக்குப் பயமில்ல," என்றார். அவள் போனாள். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது யாரோ கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். குனிந்தவளால் நிமிர முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் துண்டோடு ஓடிவந்தார்.

"மீசைக்காரர என் பின்னாடி அனுப்பினீங்களா?"

"ஆமா. கரை சேந்துட்டாரா பாவம்?"

"சேந்துட்டாரு. ஏன் என் பின்னாடி?"

"அங்க எனக்கு வேற யாரத் தெரியும்?"

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இந்த ரெண்டு நாளா டீ, காத்து அடிக்கிறது... அதெல்லாம் என்ன?"

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "போன வாரம் நீச்சல் குளத்துக்கு வந்தேன். போதும், வீட்டுக்கு வான்னு சண்டை போட்டுக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். நீ நீந்திட்டே இருந்த. இந்தச் சுத்தோட நிப்பா, நின்னதும் கூப்பிடலாம்னு பாத்துட்டே இருந்தேன். நீ நிக்கவே இல்ல. சரின்னு திரும்பி வந்துட்டேன்."

"வந்தேன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா சந்தேகப்படுவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது; விலா வலித்ததால் அதைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அப்போது திருப்பத்தில், இன்னும் கழற்றாத அந்த மஞ்சள் தொப்பி தெரிந்தது. ஒரு காலைத் தாங்கித் தாங்கி, கன்னத்தில் கரியோடு வந்துகொண்டிருந்தார் மீசைக்காரர். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் தோளைக் கொடுத்தார். பிடித்துக்கொண்டு எழுந்து, கையை உயர்த்தி ஆட்டினாள்.