டாக்டர் ரோய்ஷ்லே மனைவியை அடக்கம் செய்தது

ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையில் எங்கள் ஊர். டாக்டர் ஹார்ட்விக் ரோய்ஷ்லே காலையில் வைத்தியம் பார்ப்பார். மத்தியானம் புல்வெளியில் குப்புறப் படுத்துக்கொண்டு எறும்பையும் மண்புழுவையும் பார்ப்பார். அதைச் சிரித்துக்கொண்டே பொறுத்தோம். அவர் எழுதிய புத்தகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. புழு செத்தால் என்னவோ, மனிதன் செத்தாலும் அதுதான், ஆத்மா என்று எதுவும் மிஞ்சுவதில்லை என்று அச்சில் போட்டுவிட்டார்.

போதகர் ஷூபெல் அந்தப் புத்தகத்தைப் பிரசங்க மேடையிலேயே கிழித்தார். பிறகு டாக்டரை யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. சந்தையில் கசாப்புக்காரன் பன்றித் தலையைத் தூக்கிக் காட்டி, "டாக்டரய்யா, உங்க சித்தப்பா வந்திருக்காரு!" என்பான். கூட்டம் சிரிக்கும்.

அவர் மனைவி ஒட்டீலியே மட்டும் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்கு வருவாள். அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டோம். அந்த வசந்தத்தில் நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனாள். தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்கும்படி கேட்டிருந்தாள்.

டாக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போதகரிடம் போனார்.

"அந்தப் புத்தகம் பொய்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. அப்புறம் பாக்கலாம்" என்றார் ஷூபெல்.

"அது என்னால முடியாது. ஆனா அவ விசுவாசி, போதகரய்யா. எம்மேல உள்ள கோவத்த அவமேல காட்டாதீங்க."

"சரி, அவ உள்ள வரட்டும். நீ சுவருக்கு வெளிய நிக்கணும்."

டாக்டர் ஒப்புக்கொண்டார். அடக்கத்தன்று தூறலில், சுவருக்கு மேல் தலை மட்டும் தெரிய நின்றார். ஷூபெல் ஜெபத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"இவளக் கொன்னது நோய் இல்ல! ஒரு மிருகத்தோட ஒரே கூரையில வாழ்ந்தாளே, அதுதான்!"

வாசல் கதவு கிறீச்சிட்டது. டாக்டர் நேரே வந்து, குழிவெட்டி யோஸ்ட்டின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினார்.

"வெளிய போடா!" என்று கத்தினார் போதகர்.

"எம் பொண்டாட்டிய நான் மூடிட்டுப் போறேன். அப்புறம் நீ பேசு. புழு கேக்கும்."

யாரும் அசையவில்லை. ஈர மண் பெட்டிமேல் விழுந்துகொண்டே இருந்தது. குழி நிரம்பும்வரை அவர் அழவில்லை. அதுவும் எங்களுக்குக் குற்றமாகத்தான் பட்டது.

மறுநாள் அவர் வீட்டில் ஒரு ஜன்னல் கண்ணாடிகூட முழுசாக இல்லை. அறுவடைக்கு முன்பே பூச்சிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சூரிச்சுக்குப் போய்விட்டார். அங்கே முதல் புத்தகத்தைவிடக் கடுமையாக இன்னொன்று எழுதி, ஒட்டீலியேவுக்குச் சமர்ப்பணம் செய்தார். எங்கள் ஊரில் அதை வாங்கிய ஒரே ஆள் ஷூபெல்தான், திட்டுவதற்கு.